திருப்பாதிரிப்புலியூர் பிளாட்பாரத்துக்கு 30 பேர் வேணும்: ஹெச்ஓ லேஅவுட்டுக்கு ஆள் பொம்மை எடுக்குறது எப்படி

எங்க கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன வீட்டுல ஹெச்ஓங்கிற சைஸ்ல குட்டி ரயில் மாடலா (லேஅவுட்) கட்டிட்டிருக்கேன். தண்டவாளம் போட்டு, பிளாட்பாரம் ஒட்டி, கூரையெல்லாம் முடிச்சு ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா ஸ்டேஷன் ஊரடங்கு போட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு ஈ காக்கா இல்ல. சரின்னு ஆன்லைன்ல நூறு பொம்மை இருக்குற பாக்கெட் ஒண்ணு ஆர்டர் போட்டேன், கூத்து அங்கதான் ஆரம்பிச்சுது. நீங்களும் அதே குழியில விழ வேணாம்னுதான் இத எழுதுறேன். வயரிங், கன்ட்ரோலர் எல்லாம் உங்களுக்கு தெரியும்னு வச்சுக்கிறேன், நேரா பொம்மைக்கு போயிரலாம்.

முதல்ல அளவு. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் ஓவர் புத்திசாலித்தனமா ஒரு கணக்கு போட்டேன். நம்ம பிராட் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளி, 1676 மி.மீ., ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., வகுத்தா 101 சொச்சம் வருது, அப்ப 1:100, அதாவது நிஜத்துல நூத்துல ஒரு பங்கு இருக்குற பொம்மைதான் கரெக்ட்னு வாங்கிட்டேன். வந்ததும் ஐசிஎஃப் பெட்டி (சென்னை ஐசிஎஃப் ஃபேக்டரி ரயில் பெட்டியோட மாடல்) பக்கத்துல நிக்க வச்சா பெரிய மனுஷனெல்லாம் ஸ்கூல் டூர் வந்த பசங்க மாதிரி நிக்கிறாங்க. என்ன விஷயம்னா ஹெச்ஓங்கிறது 1:87, அந்த 16.5 மி.மீ. தண்டவாளம் வெளிநாட்டு 1435 மி.மீ. கேஜுக்கு செஞ்சது. நம்ம பெட்டிய 1:87-ல செஞ்சு அதே தண்டவாளத்துல ஓட்டுறோம், அவ்ளோதான், நிஜத்த விட தண்டவாளம் கொஞ்சம் ஒடுங்கலா இருக்கும், அத யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா கதவு பக்கத்துல நிக்கிற ஆள் குள்ளமா இருந்தா சின்னக் குழந்தைகூட கண்டுபிடிச்சுரும்.

அதனால தண்டவாளத்த விடுங்க, பெட்டிய அளங்க. ஐசிஎஃப் பெட்டி நிஜத்துல 21.3 மீட்டர் நீளம், உங்க பெட்டி 245 மி.மீ. கிட்ட இருந்தா 1:87. நீளத்த மட்டும் சுருக்கி செஞ்ச பெட்டியும் இருக்கு, அதனால அகலத்தையும் பாத்துருங்க, 37 மி.மீ. வரணும். அடுத்து ஆள். அஞ்சடி அஞ்சு அங்குலம்னா 1650 மி.மீ., 87-ஆல வகுத்தா 19 மி.மீ. கொஞ்சம் பெரிய OO ஸ்கேல்னா 22 கிட்ட, ரொம்பச் சின்ன N ஸ்கேல்னா 10 மி.மீ. தான். பாக்கெட் மேல ஹெச்ஓன்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் (மி.மீ. கணக்கா அளக்குற கருவி) வாங்கி குதிகால்லேர்ந்து உச்சந்தலை வரைக்கும் அளங்க. காலுக்கு கீழ இருக்குற தட்ட சேத்து அளக்கக் கூடாது. 1 மி.மீ. தட்டுன்னா நிஜத்துல 9 செ.மீ., ஊரே ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி ஆயிரும். நான் தட்ட பிளேடால சீவிட்டு, கால்ல சின்னதா ஓட்டை போட்டு ஃபியூஸ் கம்பி சொருகி பிளாட்பாரத்துல குத்தி வச்சிருக்கேன், பசையே வேணாம், இடம் மாத்தவும் வசதி.

அந்த 1:100 பாக்கெட் வீணாப் போகல. லேஅவுட்டோட கடைசில, பின்னாடி ரோட்டுல நிக்க வச்சுட்டேன், தூரத்துல இருக்குற ஆளு மாதிரி தெரியுது.

அடுத்தது, என்ன செய்யுற பொம்மை?

நடக்குற, ஓடுற, கைய ஆட்டுற பொம்மைய பாத்தா ஆசையா இருக்கும், வாங்காதீங்க. ஒத்தக் கால தூக்கிட்டு ஒரு வருஷமா ஒருத்தன் அப்படியே நிக்கிறத பாத்தா நமக்கே கால் வலிக்கும். நான் ஒரு நாள் காலைல பாசஞ்சர் வர்றதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல போய் சும்மா உக்காந்து பாத்தேன். பாதிப் பேருக்கு மேல உக்காந்துதான் இருக்காங்க, பெஞ்சுல, மூட்டை மேல, தூண் ஓரமா குந்திக்கிட்டு. மீன் விக்கிற அம்மாங்க அலுமினிய கூடைய நடுவுல வச்சுட்டு சுத்தி உக்காந்து பேசிட்டிருந்தாங்க. நிக்கிறவங்களும் நிழல்லயும் தண்ணி பைப்புகிட்டயும் கும்பலா நிக்கிறாங்க, வெயில் விழுற இடம் காலி. ஒருத்தர் மட்டும் ஓரத்துல நின்னு ரயில் வருதான்னு கழுத்த நீட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தார். அந்தாள மட்டும் கண்டிப்பா வைங்க. முப்பது பேரையும் சம இடைவெளில நட்டு வச்சீங்கன்னா டிரில் கிளாஸ் மாதிரி இருக்கும்.

மூணாவது துணிமணி, இதுதான் பெரிய தலைவலி. பிரைசர், நோக் மாதிரி ஜெர்மன் கம்பெனி பொம்மைங்க முகம், விரல் எல்லாம் அருமையா இருக்கும், ஆனா பாதி ஆளு கோட்டும் தொப்பியுமா கடலூர் வெயில்ல நிக்கும். என் சாய்ஸ், பெயின்ட் அடிக்காத செட் வாங்குங்க. விலையும் கம்மி, சுரண்டுற வேலையும் மிச்சம். கூடவே பீச் செட் ஒண்ணு தேடுங்க, சட்டை இல்லாத ஆம்பளைங்க கிடைப்பாங்க, இடுப்புல வேட்டி, தோள்ல துண்டு, முடிஞ்சுது வேலை. புடவைக்கு அந்தக் காலத்து நீளப் பாவாடை போட்ட லேடீஸ் பொம்மை எடுங்க.

புடவை கட்டுற விதம்: டிஷ்யூ பேப்பர ஒரே ஒரு லேயரா பிரிச்சு 4 மி.மீ. அகலத்துல ஒரு பட்டை வெட்டிக்கோங்க. ஃபெவிகால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தி, பிரஷ்ல பொம்மை மேல தடவி, பட்டைய வலது இடுப்புல ஆரம்பிச்சு மார்பு குறுக்கா இடது தோள் மேல போட்டு முதுகுல தொங்க விடுங்க. ஈரமா இருக்கும்போதே ஊசி முனையால ரெண்டு கோடு இழுத்தா மடிப்பு வந்துரும். கொசுவம் வேணும்னா முன்பக்கம் எம்-சீல் ஒரு கடுகு அளவு. எம்-சீல்ல முழுப் புடவையும் பண்ணப் பாத்தேன், அம்மன் சிலைக்கு சாத்துன மாதிரி மொத்தமா வந்துச்சு. எங்க வண்டிப்பாளையத்துல கொலு பொம்மை பண்றவங்க இத பாத்தா சிரிப்பாங்க.

பெயின்ட் சுருக்கமா சொல்றேன். தோலுக்கு வெறும் பிரவுன் அடிச்சா மரப்பாச்சி ஆயிரும், பர்ன்ட் சியன்னால (செம்பழுப்பு) எல்லோ ஓக்கர் (மங்கலான மஞ்சள்) கலந்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்துங்க. வேட்டிக்கு பளீர் வெள்ளை வேணாம், சொட்டு பிரவுன் கலங்க. எல்லாம் மேட் ஃபினிஷ், பளபளன்னு இருந்தா பிளாஸ்டிக்னு காட்டிக் குடுத்துரும்.

அப்டேட்: மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிச்சதும் பொம்மை மேல வெள்ளையா பூத்துருச்சுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. ஐப்பசி மழைல அடிச்சிருப்பீங்க, காத்துல ஈரம் இருந்தா அப்படித்தான் ஆகும். நம்ம கடலோரத்துல நல்லா வெயில் அடிக்கிற மத்தியானமா பாத்து அடிங்க, இல்லன்னா பிரஷ்ல பூசுங்க. இன்னொருத்தர் பெட்டிக்குள்ள ஆள ஒட்டினதுல ஜன்னல் புகை படிஞ்ச மாதிரி ஆயிருச்சுன்னார். அது இன்ஸ்டன்ட் பசையோட ஆவி. ஜன்னல் கிட்ட ஃபெவிகால் மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. ஜெர்மன் ரயில்வே ஸ்டாஃப் செட்ல சிவப்புத் தொப்பி போட்ட ஆள் ஒருத்தர் இருப்பார், ரயிலுக்கு சிக்னல் குடுக்குறவர். அவருக்கு காக்கி அடிச்சு, தொப்பிய எம்-சீல்ல லேசா உசத்துனா அச்சு அசல் பாண்டிச்சேரி போலீஸ்! ஆசையா பண்ணி முடிச்சப்புறம்தான் உறைச்சுது, என் லேஅவுட் தமிழ்நாட்டுல இருக்கு. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைய லேஅவுட்டா கட்டிட்டிருக்குற ஃப்ரெண்டுகிட்ட டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டேன்.