லைட்டைப் போட்டால் வோல்டேஜ் ஏறுமா? அல்டனேற்றரை மீற்றரால் பார்க்கும் முறை

போன மாரியில் என் காருக்கு ஒரு வியாதி பிடித்தது. பகலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரவு மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓட, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் வாகன வரிசையில் காத்து நிற்கும்போது என்ஜின் நடுங்கத் தொடங்கும். லைட் மங்கும். இரண்டு தரம் நின்றேவிட்டது. காட்டிய கராஜில், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்துவிட்டது என்று கழுவித் தந்தார்கள். காசு போனது, நடுக்கம் போகவில்லை.

பிழை பெற்றோல் பக்கம் இல்லை, கரண்ட் பக்கம் இருந்தது. அதைக் காட்டித் தந்தது ஹாட்வெயார் கடையில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர். நீங்களும் செய்து பார்க்கலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது அல்டனேற்றர். இன்னும் பலர் அதை டைனமோ என்றே சொல்வார்கள். பெல்ட் சுற்ற, உள்ளே ரோட்டர் சுற்றும். ரோட்டர் ஒரு மின்காந்தம். அதற்குக் கார்பன் பிரஷ் வழியாகச் சிறிய கரண்ட் ஒன்று போகிறது. அது கூடினால் காந்தம் பலக்கும், வெளியே வரும் வோல்டேஜும் கூடும். ரெகுலேற்றர் அந்தச் சிறு கரண்டை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து, என்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வோல்டேஜை ஒரு மட்டத்தில் வைத்திருக்கிறது. உன்னிச்சைக் குளத்து மதகைத் திறந்து மூடி வாய்க்கால் மட்டத்தைப் பார்ப்பது போலத்தான்.

என்ஜின் ஓடாமல் ஓர் அளவு

காலையில், கார் இரவு முழுக்க நின்ற பிறகு அளந்து பாருங்கள். மீற்றரை நேரோட்டம் (DC) 20 வோல்டில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். வயரின் கவ்வியில் அல்ல, ஈயக் குமிழிலேயே தொட வேண்டும். 12.6 வந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் வெளியே சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். காலிப் பற்றரியோடு மற்றச் சோதனைகளைச் செய்தால் எண்கள் ஏமாற்றும்.

ஸ்டார்ட் பண்ணி

ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். சாரமோ சால்வையோ பெல்ட் பக்கம் போகக்கூடாது. சாரத்தோடு போனட்டுக்குள் குனிகிற பழக்கம் எனக்கும் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

லைட், ஏசி எல்லாம் நிறுத்தி ஐட்லிங்கில் (அக்சிலரேட்டரை மிதிக்காமல்) பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் 13.6 காட்டினால் பதற வேண்டாம். சூடான பற்றரிக்குக் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால், சூடு ஏற ஏற ரெகுலேற்றர் தானே கொஞ்சம் இறக்கிவிடும். 15ஐத் தாண்டி நின்றால் மட்டும் அது வேறு கதை. பற்றரித் தண்ணீர் வாயுவாகி வற்றும், கூழ்முட்டை நாற்றம் வரும். அப்போது ரெகுலேற்றரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

12.5 மட்டும் காட்டினால்?

இங்கேதான் நல்ல அல்டனேற்றர்கள் அநியாயமாகக் கழற்றப்படுகின்றன. சில கார்களில் என்ஜின் ஓடும்போதும் 12.5 அளவில்தான் நிற்கும். ஹொண்டா சிவிக் போன்ற பல கார்களில் வோல்டேஜை ரெகுலேற்றர் தனியாகத் தீர்மானிப்பதில்லை, என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவும் கட்டளை போடும். போனட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஒரு சிறிய சென்சர், கார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து சொல்கிறது. இழுவை குறைவு, என்ஜினும் சூடேறிவிட்டது என்றால் ஈசியூ வோல்டேஜை இறக்கிவிடும்.

எல்லாம் பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தான். அல்டனேற்றர் 14 வோல்டில் 50 அம்பியர் கொடுத்தால் அது 700 வாட். இடையில் வீணாவதையும் சேர்த்தால் என்ஜினிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் போகிறது. தேவையில்லாத நேரத்தில் அந்தப் பாரத்தை ஏன் தூக்க வேண்டும்?

இப்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். சாதாரண காரில் எண் ஒரு துளி இறங்கும். இந்த வகைக் காரிலோ 12.5இல் இருந்து 14க்கு மேலே ஏறும்! இதை மாமாவுக்குக் காட்டியபோது "உன்ர மீற்றர் பிழை" என்றார். மீற்றர் சரி, அல்டனேற்றரும் சரி. லைட் போட்ட பிறகும் ஏறாமல் கீழேயே கிடந்தால்தான் பெல்ட் தளர்ந்ததா, பிரஷ் தேய்ந்ததா என்று தேடத் தொடங்க வேண்டும்.

சுசுகி வாகன்ஆரில் 2012இல் ஜப்பானில் வந்த எனே-சார்ஜ் இன்னும் ஒரு படி மேலே. அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து வேகம் குறையும்போதுதான் பெரும்பாலும் சார்ஜ் ஏற்றும், அதைச் சேர்க்கத் தனி லித்தியம் அயன் பற்றரியும் உண்டு. அப்படிப்பட்ட காரை நிற்க வைத்து அளந்து முடிவெடுக்க முடியாது. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஈசியூவின் எண்களைக் காட்டும் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும்.

பெற்றோலுக்கும் வோல்டேஜுக்கும் என்ன உறவு

இன்ஜெக்டர் மின்சாரத்தால் திறக்கும் ஒரு வால்வு. ஈசியூ "திற" என்றதும் திறக்காது, சுருளில் கரண்ட் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 14 வோல்டில் அது ஏறத்தாழ 1 மில்லிசெக்கன், வோல்டேஜ் இறங்க இறங்கக் கூடிக்கொண்டே போகும். ஐட்லிங்கில் மொத்தக் கட்டளையே 2, 3 மில்லிசெக்கன்தான் என்பதால் இந்தத் தாமதம் சின்ன விசயமல்ல. அதனால் ஈசியூ தனக்கு வரும் வோல்டேஜை அளந்து, குறைவுக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது.

ஆனால் ஈசியூவுக்குத் தெரிவது தன் முனைக்கு வரும் வோல்டேஜ் மட்டும்தான். இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் பச்சைக் களிம்பு பூத்து அங்கே ஒரு வோல்ட் விழுந்தால் அதற்குத் தெரியாது. திறப்பு நேரம் போதாமல், காற்றோடு சேரும் பெற்றோல் குறைந்து கலவை மெலியும். பெற்றோல் பம்பின் நிலையும் இதுதான். பல கார்களில் அது நேராக பற்றரி வோல்டேஜில் ஓடும் மோட்டார், வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகச் சுற்றும். நல்ல பம்ப் என்றால், பெற்றோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேற்றர் அதை மறைத்துவிடும். தேய்ந்த பம்போ அடைத்த ஃபில்டரோ இருந்தால் மறைக்க முடியாது. இக்னிஷன் பொறியும் பலம் குறையும்.

வழியில் விழும் வோல்ட்டைப் பிடிப்பது

சரி, என் காருக்கு வருகிறேன். ஐட்லிங்கில் எல்லாவற்றையும் போட்டு அளந்தேன். பற்றரியில் 12.1. சிவப்பு முனையை அல்டனேற்றரின் பின்னால் தடித்த வயர் வரும் நட்டில் வைத்தேன். 13.9! அல்டனேற்றர் தன் வேலையைச் செய்கிறது, 1.8 வோல்ட் வழியில் காணாமல் போகிறது.

நேராக அளக்கவும் வழி உண்டு. சிவப்பு அந்த நட்டில், கறுப்பு பற்றரி பிளஸில். லைட், ஏசி ஓடும்போது 0.3க்கு மேலே வரக்கூடாது. அப்புறம் அல்டனேற்றரின் உடம்புக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2க்கு மேலே வரக்கூடாது. இரண்டாவதில் கூடினால் ஏர்த் வயர்தான் பிழை.

ஃபியூஸ் பெட்டியில் அந்தத் தடித்த வயர் பூட்டியிருந்த வளையம் பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தது, என்ஜினை நிறுத்திய பிறகும் தொட முடியாத சூடு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் வீடு. உப்புக்காற்றில் வேறென்ன நடக்கும்? பற்றரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு (அல்டனேற்றர் நட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பனர் காரின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும்), புது வளையம் நசுக்கிப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வாசலின் பூசினேன். மறுபடி எல்லாம் போட்டுப் பார்த்தால் பற்றரியில் 13.7. நடுக்கம் அன்றோடு போய்விட்டது.

மீற்றர் கையில் இருக்கும்போதே அதை ஆடலோட்டத்துக்கு (AC) மாற்றி, என்ஜின் ஓடும்போது பற்றரியில் ஒருக்கா வைத்துப் பாருங்கள். 0.5 வோல்டைத் தாண்டினால், அல்டனேற்றருக்குள் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் டயோட் ஒன்று போயிருக்கலாம்.

என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொரிஸ் மைனர் கார் காலத்துப் பழக்கம். இன்றைய காரில் அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி ஈசியூவையே எரித்துவிடலாம். யார் சொன்னாலும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

பழைய டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டொல்பின் போன்றவற்றில் டீசல் பம்ப் முழுக்க இயந்திரம், கரண்ட் தேவைப்படுவது டீசலை நிறுத்தும் வால்வுக்குத்தான். வோல்டேஜ் இறங்கினாலும் டீசல் அளவு மாறாது, ஆகவே நடுக்கத்துக்கு அல்டனேற்றரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் அல்டனேற்றருக்குப் பின்னால் பிரேக் பூஸ்டரின் வக்கியூம் பம்பும் சேர்ந்தே இருக்கும். அல்டனேற்றரைத் திருத்தக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பற்றரி தாங்கும் வரை ஓடலாம் என்று வானை வீதிக்கு எடுக்காதீர்கள், பிரேக் பெடல் மிதிக்க முடியாமல் கல்லுப் போல இறுகி நிற்கும்.