வெந்த பிறகும் கெடும் கோழிக்கறி

சாயங்காலமானால் தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி சில்லி சிக்கன் வண்டிகளில் கூட்டம் கூடிவிடும். கொதிக்கிற எண்ணெயில் வெந்த கறியில் கிருமி எப்படி இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா என்ற கிருமி செத்துவிடும், சரி. ஆனால் மசாலா தடவிய பச்சைக்கறியை அள்ளிய அதே கையும் இடுக்கியும் வெந்த துண்டைத் தொட்டால் கிருமி திரும்ப ஏறிவிடும். வீட்டிலும் கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் வெங்காயம் நறுக்கி, பச்சையாகவே மேலே தூவுகிறோம். கறியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் தண்ணீரும் பக்கத்துப் பாத்திரங்களில் கிருமியைச் சேர்க்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது விசேஷ வீட்டு அண்டாதான். மதியம் ஆக்கிய கோழிக்குழம்பை மூடி வைத்து, ராத்திரிப் பந்திக்கு அப்படியே பரிமாறுவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அண்டா மெதுவாக ஆறும்போது, காற்றுப் புகாத அடிக்குழம்பில் அவை முளைத்துப் பெருகும். 45 டிகிரி வாக்கில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வாசனையும் ருசியும் மாறவே மாறாது. அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி வரை வைப்பதானால் 60 டிகிரிக்குக் குறையாமல் அடுப்பிலேயே சூடாக இருக்கட்டும். இல்லையென்றால் அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் அதைத் தாண்டாத பகல் ஏது? ஒகேனக்கலுக்குக் கட்டிக்கொண்டு போகும் பார்சலுக்கும் இதே கணக்குதான்.

மறுபடி சூடுபண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. கைப்புண்ணிலிருந்து சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

ஷவர்மாவுக்கு வரும் மயோனைஸையும் கவனியுங்கள். பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததே சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான்.

கர்ப்பிணிகள் கடையில் வாங்கும் சிக்கன் சலாமி, சாசேஜை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிட வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும்; கருவையே கலைத்துவிடக்கூடும். ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகு சாப்பிடலாம்.