கூழ்ம வெள்ளி: தெளிந்த நீர் ஏன் மஞ்சளாக வேண்டும்?

இரண்டு வெள்ளிக் கம்பிகளை நீரில் தொங்கவிட்டு 27 வோல்ட் கொடுத்தால் கூழ்ம வெள்ளி (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) தயார் என்றுதான் பல செய்முறைகள் சொல்கின்றன. அப்படிக் கிடைக்கும் நிறமற்ற நீரில் இருப்பது பெரும்பாலும் வெள்ளி அயனிதான். துகள்கள் மிகக் குறைவு. அயனியைத் துகளாக்க, அதற்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கும் பொருள் ஒன்று வேண்டும். இது முழுக்க வேதியியல் சோதனைக்கான செய்முறை, குடிப்பதற்கானது அல்ல. வெள்ளி உடலில் தங்கினால் தோல் நீலச்சாம்பல் நிறமாகும், அது பிறகு மாறாது. கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்கப்பட்டவை அல்ல என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது.

கம்பி 99.9 சதவீதத் தூய வெள்ளியாக இருக்க வேண்டும். நகைக்கடையின் 92.5 வெள்ளியில் செம்பு கலந்திருப்பதால் அதுவும் கரைந்து வரும். குழாய் நீர் கூடவே கூடாது: அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கும், வெளிச்சம் பட்டால் கருக்கும். ஆர்.ஓ. நீரிலும் உப்பு மிச்சமிருக்கும். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 அல்லது 1 காட்டும் காய்ச்சி வடித்த நீரே சரி.

கண்ணாடிக் குவளையில் 250 மி.லி. நீரை ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 முதல் 70 டிகிரியில் வைத்திருங்கள். 10 மி.லி. நீரில் 1 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட் கரைத்து, அதிலிருந்து 5 சொட்டைக் குவளையில் விடுங்கள். இன்னொரு 10 மி.லி.யில் 1 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) கரைத்து, அதிலிருந்து குவளையில் 2 சொட்டு விட்டால் போதும். சமையல் சர்க்கரை வேலை செய்யாது. அதிலுள்ள சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை அல்ல. கடையில் விற்கும் குளுக்கோஸ் பானப் பொடியில் வேறு உப்புகளும் கலந்திருக்கும், அதையும் தவிர்க்கவும்.

கம்பிகளை 3 செ.மீ. இடைவெளியில் தொங்கவிட்டு, மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள். கிளிப் நீரில் படக்கூடாது. சுற்றில் 27 கிலோ ஓம் மின்தடை கட்டாயம் வேண்டும். அது இருந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. மின்தடை இல்லாமல் செய்பவர்களுக்குத்தான் கறுப்புக் கசடு வருகிறது. மின்னோட்டம் கட்டுமீறினால் அயனிகள் கம்பியருகே குவிந்து பெரிய துகள்களாகத் திரளும்.

நேர்மின்வாயில் வெள்ளி அணு ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகக் கரைகிறது. எதிர்மின்வாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. காரச் சூழலில் குளுக்கோஸ் அந்த அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து மீண்டும் உலோகமாக்குகிறது.

அளவுக்கு ஃபாரடே விதியே போதும்: 1 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 4.02 மி.கி. வெள்ளி கரையும். 250 மி.லி.யில் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மி.கி.) வேண்டுமானால் 2.5 மி.கி., அதாவது ஏறக்குறைய 37 நிமிடம். மல்டிமீட்டர் 0.8 மில்லி ஆம்பியர் காட்டினால் 47 நிமிடம். இடையிடையே கிளறுங்கள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை முனைகளை மாற்றி, கம்பியில் படியும் கறுப்பைத் துடைத்துவிடுங்கள்.

நீர் மெல்ல இளமஞ்சளாகும். சில பத்து நானோமீட்டருக்குள் இருக்கும் துகள்கள் 400 நானோமீட்டர் அருகே ஊதா ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் இது. சாம்பல் நிறம் தட்டினால் துகள்கள் பருத்துவிட்டன. துகள்கள் இருந்தால், லேசர் ஒளியைச் செலுத்தும்போது நீருக்குள் கோடாகத் தெரியும். சிறிது நீரைத் தனியே எடுத்து உப்புக்கல் போட்டுப் பாருங்கள்: வெண்மையாகக் கலங்கினால் அயனி இன்னும் மிச்சமிருக்கிறது.

அம்மோனியாவைச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும் படிவு உருவாகலாம். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் வெள்ளி நஞ்சு. உப்புப் போட்டுப் படியவைத்து, வடிகட்டி, கசடைப் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தின் கழிவுப் புட்டியில் சேர்த்துவிடுங்கள்.