மலையில் மோர்ட்டார் சுமப்பது எப்படி

மெட்ராஸ் ரெஜிமென்டில் மோர்ட்டார் பிளட்டூன் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோர்ட்டார் என்பது வாய்வழியாகக் குண்டை உள்ளே விட்டு, உயரே வளைவாகச் சுடும் குழாய் ஆயுதம். வெலிங்டனில் பயிற்சி முடித்துப் பட்டாலியனுக்குப் போகும் தம்பிகள் பலர், மோர்ட்டார் போன்ற கன ஆயுதங்களை வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனியில் இடம் கிடைத்ததும் குறி வைப்பதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சொல்லித்தரப் பட்டாலியனில் ஆட்கள் இருக்கிறார்கள், மத்தியப் பிரதேசத்தின் மோ என்ற ஊரில் காலாட்படைப் பள்ளியும் இருக்கிறது. அதற்கு முந்தைய வேலையைப் பற்றி எழுதுகிறேன். மலையில் ஆயுதத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

81 மி.மீ. மோர்ட்டார் மூன்று துண்டாகப் பிரியும்: பாரல் (குழாய்), பைபாட் (அதைத் தாங்கும் இரண்டு கால்கள்), பேஸ் பிளேட் (அடியில் தரையில் பதியும் தகடு). மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ. ஒரு குண்டு ஏறத்தாழ 4 கிலோ. அதாவது பத்துக் குண்டு எடுத்தால் இன்னொரு மோர்ட்டாரைச் சுமப்பதற்குச் சமம். நன்கு பழகிய குழு அந்தப் பத்தையும் ஒரு நிமிடத்தில் சுட்டு முடித்துவிடும். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற எல்லாமே தானாகப் புரியும். துண்டுகளோடு சைட்டையும் (குறிபார்க்கும் கருவி) குண்டுகளையும் சேர்த்தால் ஐந்து பொருள்கள். இவற்றில் ஒன்று பின்தங்கினாலும் மற்ற நான்கைச் சுமந்து வந்தவர்களின் உழைப்பு வீண்.

ஆகவே நடையின் வேகத்தைப் பேஸ் பிளேட்காரன் தீர்மானிக்கட்டும். அவனை வரிசையின் கடைசியில் விடாதீர்கள். பிளேட் தட்டையானது, முதுகில் ஒட்டாது, காற்றடித்தால் இழுக்கும். அதைச் சுமப்பவன் குழுத்தலைவனுக்கு அடுத்து நடக்க வேண்டும். முன்னால் வெறுங்கையோடு போகிறவன் வேகம் வைத்தால் குழு கயிறுபோல் நீண்டு, இருட்டில் அறுந்துவிடும்.

சுமையைப் பங்கிடும்போது ஆயுதத்தின் எடையை மட்டும் பார்ப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. பிளேட் சுமப்பவனும் தன் துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், குளிருடை, உணவு எல்லாவற்றையும் சுமக்கிறான். எல்லாம் சேர்ந்து 30 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நடை கெடும் என்பது எல்லாப் படைகளும் ஒப்புக்கொள்ளும் பழைய கணக்கு. மலைப்போரில் அதைக் காப்பாற்ற முடிவதில்லை. அதனால் துண்டு சுமப்பவர்களின் குளிருடையையும் உணவையும் மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்படும் முன்பு ஒவ்வொரு முதுகுப்பையையும் தூக்கிப் பாருங்கள். "சரியாக இருக்கிறது, சார்" என்ற பதிலை நம்பிப் புறப்படாதீர்கள்.

குண்டுகளை மோர்ட்டார்காரர்களே சுமந்து மாளாது. துப்பாக்கியோடு முன்னே போகும் ரைஃபிள் கம்பெனி வீரர்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துவந்து, மோர்ட்டார் நிலையைக் கடக்கும்போது வைத்துவிட்டுப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதை அன்பாகக் கேளுங்கள், அதட்ட வேண்டாம். நாளை அந்தக் குண்டுகள் அவர்களுக்காகத்தான் போகப்போகின்றன.

உயரத்துக்குப் போவதென்றால் உடல் முதலில் பழக வேண்டும். நம் ராணுவத்தில் 9,000 அடிமுதல் 12,000 அடிவரை ஆறு நாள், 15,000 அடிவரை மேலும் நான்கு நாள், அதற்கு மேலே இன்னும் நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு என்றால் ஓய்வுதான். திடமான பையன்கள்தான் இதை மீறுவார்கள், நுரையீரலில் நீர் கோத்துக் கீழே இறக்கப்படுவதும் அவர்கள்தான். 1999 கார்கில் போரில் நம் வீரர்கள் 16,000 அடி உயரத்தில், செங்குத்தான பாறைகளில், இரவில், முதுகில் சுமையோடு ஏறினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. உணவைக் குறைத்துத் தோட்டாவைக் கூட்டிக்கொண்ட கதைகளையும் கேட்டிருப்பீர்கள். அதைப் பயிற்சியில் பின்பற்றாதீர்கள். அது வேறு வழியில்லாத இடத்தில் செய்தது.

நடக்கும் முறைக்கு வருகிறேன். ஏற்றத்தில் சிறு அடி வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் பின்காலை நேராக்கி, எலும்பின்மேல் எடையை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு அடுத்த அடி எடுங்கள். நல்ல பாதையில் எடை தோளுக்கு அருகே உயரத்தில் இருக்கட்டும். கையூன்றி ஏறும் பாறையில் அதைக் கீழே இறக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் அது உங்களைப் பின்னுக்குத் தள்ளும். புறப்பட்டுக் கால்மணி நேரத்தில் ஒருமுறை நின்று வார்களைச் சரிசெய்யுங்கள். பிறகு மணிக்கொரு முறை பத்து நிமிடம் போதும். நின்றவுடன் குளிருடையைப் போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை அங்கே எதிரி. துண்டுகளை ஆள் மாற்றுவதும் இந்த நிறுத்தங்களில்தான். களைத்த பிறகு மாற்றினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கை மரத்துப்போனால் மறைக்காதீர்கள். தோள்வார் நரம்பை அழுத்துவதால் வருவது அது. கவனிக்காமல் விட்டால் கையைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் அவதிப்பட நேரும். இடுப்பு வாரை இறுக்கி எடையை இடுப்புக்கு மாற்றுங்கள்.

இரும்பு இரும்போடு மோதும் சத்தம் மலையில் வெகுதூரம் கேட்கும். பைபாடின் கால்களுக்கு இடையில் சாக்குத் துணி சுற்றுங்கள். பாரலின் வாய்க்கு மூடி இருக்கட்டும். சைட்டைக் குழுவில் நிதானமானவனிடம் கொடுங்கள், பலசாலிக்குத் துண்டு போகட்டும். செங்குத்தான இடத்தில் சுமையோடு ஆள் ஏற வேண்டியதில்லை. முதலில் ஆள், பிறகு கயிற்றில் துண்டு துண்டாகச் சுமை.

கோவேறு கழுதை கிடைக்கும் இடத்தில் அதை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சேணத்தின் இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். சிறிது தூரம் நடந்ததும் வயிற்று வாரை மறுபடி இறுக்குங்கள், ஏனெனில் கட்டும்போது அது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதுகில் புண் வந்துவிட்டால் அந்த விலங்கை நாள்கணக்கில் இழப்பீர்கள். நம் ராணுவத்தின் பெடோங்கி என்ற கோவேறு கழுதை, 1971 போரில் எதிரியிடம் சிக்கியபின் தப்பி, முதுகில் இயந்திரத் துப்பாக்கியோடும் இரண்டு தோட்டாப் பெட்டிகளோடும் நம் பக்கம் வந்து சேர்ந்தது. சுமை கழன்று விழாதபடி கட்டிய அந்தக் கைகளுக்கும் என் வணக்கம்.

மேலே சேர்ந்ததும் பேஸ் பிளேட்டுக்குத்தான் முதல் கவனம். வெறும் பாறையில் வைத்தால் அது வழுக்கும். மண் மூட்டைகளை அடியில் பரப்பி உட்காரவையுங்கள். பாறையில் மண் கிடைக்காது என்பதால் வெறும் சாக்குகளை எல்லோரும் எடுத்துவந்து வழியில் நிரப்பிக்கொள்வது நல்லது. களைப்போடு வந்து சேர்ந்தவர்கள் குண்டு போடும்போது இன்னொரு ஆபத்து உண்டு: முதல் குண்டு வெளியே போகாமல் உள்ளே இருக்கையில் இரண்டாவதை விட்டுவிடுவது. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடாவில், ஹாத்தார்ன் பயிற்சிக் களத்தில், 60 மி.மீ. மோர்ட்டாரில் இப்படித்தான் நேர்ந்து ஏழு மரைன் வீரர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு குண்டும் வெளியேறியதைக் கண்ணாலும் காதாலும் உறுதி செய்யாமல் அடுத்ததைக் கையில் எடுக்காதீர்கள்.

திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சுடச்சுட பிளேட் மண்ணுக்குள் இறங்கி இறுகிவிடும், குளிரில் உறைந்தும் போகும். மண்வெட்டியையும் கயிற்றையும் நிலையின் பக்கத்திலேயே வைத்து, இடம் மாறும் உத்தரவு வந்தவுடன் முதலில் பிளேட்டைத் தோண்டி எடுக்கத் தொடங்குங்கள். பாரலையும் பைபாடையும் கழற்றிக் கட்ட எடுக்கும் நேரத்தைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.