வங்காளப் படங்கள்: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம்?

வங்காளப் படம் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் போட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் கை தானாகப் போனுக்குப் போய்விடும், அதோடு சரி. படத்தின் மேல் குற்றமில்லை, அந்த நிதானத்துக்குக் கண் பழகியிருக்க வேண்டும். அதனால் கால வரிசையை விட்டுவிட்டு இப்படிப் போய்ப் பாருங்கள்.

படி 1: ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள்

சத்யஜித் ராயின் ‘நாயக்’ (1966). உச்சத்தில் இருக்கும் நடிகர் விருது வாங்க கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறார், வழியில் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணிடம் மனம்விட்டுப் பேசுகிறார், கதை அவ்வளவுதான். நடிகராக வருவது உத்தம் குமார். நிஜத்திலும் அவர்தான் அன்றைய வங்காளத்தின் சூப்பர் ஸ்டார். அவரைப் பிடித்துவிட்டால் சுசித்ரா சென்னோடு அவர் நடித்த ‘சப்தபதி’ (1961), சிரிக்க வேண்டுமென்றால் ‘சாரே சுவாத்தர்’ (1953).

படி 2: வீட்டுக்குள் நுழையுங்கள்

‘மகாநகர்’ (1963), ‘சாருலதா’ (1964), இரண்டும் ராய், இரண்டிலும் மாதவி முகர்ஜி. முதலாவதில் மருமகள் வேலைக்குப் போகிறாள், வீடு கலங்குகிறது. ‘சாருலதா’வின் தொடக்கத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். பெரிய வீட்டில் பொழுது போகாத சாரு, கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கிறாள். அப்புறம் கணவன் புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கவனிக்காமலே கடந்து போக, அதே பைனாகுலரை அவன் பக்கம் திருப்புகிறாள். அந்தக் கல்யாணத்தின் நிலைமை ஏறக்குறைய வசனமே இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

படி 3: இப்போது ‘பதேர் பாஞ்சாலி’ (1955)

அண்ணன் தம்பிக் கதை இல்லை, அக்கா தம்பிக் கதை: துர்காவும் அபுவும் வெண்நாணல் பூத்த வெளியில் ரயில் பார்க்க ஓடும் காட்சி எல்லோருக்கும் தெரியும். 1952இல் அதைப் பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்தது, மீதியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகியது. அதிலிருந்து மீட்டெடுத்த 2015ஆம் ஆண்டுப் பிரதியைத் தேடிப் பாருங்கள், கைக்குக் கிடைத்த மங்கலான பிரதியில் பார்த்துவிட்டுப் படம் சுமார் என்று சொல்லாதீர்கள். தொடர்ச்சி: ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’.

படி 4: ரித்விக் கட்டக்

ராய்க்குப் பழகிய கண்ணுக்கு இவர் சத்தமாகத் தெரிவார், தெரியட்டும். ‘மேகே டாக்கா தாரா’ (1960) பிரிவினையில் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த அகதிக் குடும்பத்தின் கதை. வீட்டையே தாங்கும் நீதா அறுந்த செருப்போடு நடந்து வருவதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். அவள் மனதில் அடி விழும் இடத்தில் பின்னணியில் சாட்டைச் சத்தம் கேட்கும். ‘அவள் ஒரு தொடர்கதை’ பார்த்தவர்களுக்கு இந்தப் பெண்ணை அடையாளம் தெரியும். என் கணக்கில் வங்காளத்தின் ஆகச்சிறந்த படம் இதுதான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

படி 5: அப்புறம் உங்கள் இஷ்டம்

மிருணாள் சென்னின் ‘ஏக் தின் பிரதிதின்’ (1979): வேலைக்குப் போன மகள் ஒரு ராத்திரி வீடு திரும்பவில்லை. ரிதுபர்ண கோஷின் ‘உனிஷே ஏப்ரல்’ (1994): அம்மாவும் மகளும். பேய்க் காமெடிக்கு ‘பூதேர் பவிஷ்யத்’ (2012). பங்களாதேஷை விட்டுவிடாதீர்கள், தாரிக் மசூதின் ‘மாட்டிர் மொய்னா’வை (2002) அங்கே முதலில் தடை செய்திருந்தார்கள், மதரசாவில் படிக்கும் ஒரு பையனின் கதை.