பிரெஞ்சுக் கல்யாண ஒத்திகையில் மணப்பெண் தோழி: படிப்படியாக ஒரு விளக்கம்

பிரான்சில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு உங்களை மணப்பெண் தோழியாக அழைத்து, முந்தின நாள் மாலை ஒத்திகைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். என்னோடு வேலை பார்க்கும் தோழிக்காக பர்கண்டியில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் நான் அப்படி நின்றேன். அதற்கு முன் இணையத்தில் தேடியபோது கிடைத்ததெல்லாம் அமெரிக்க முறைதான்: ஒரே நிற உடையில் வரிசையாகத் தோழிகள், ஒத்திகை முடிந்ததும் பெரிய விருந்து. பிரான்சில் அந்த விருந்து வழக்கத்தில் இல்லை. பாதிரியாரோ, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் தியாக்கோனோ வருவார், இசைப்பவர் வந்தால் வருவார், இரண்டு குடும்பத்திலும் முக்கியமானவர்கள் இருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் குறைந்த நேரத்தில் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், எதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

படி 1: நீங்கள் தோழி மட்டுமா, சாட்சியுமா?

முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு வழக்கப்படி ஊர்வலத்தில் பூக்கூடையோடு நடப்பவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். வளர்ந்த தோழிகளில் மணப்பெண்ணுக்கு நெருக்கமானவர்கள் சாட்சிகளாக நிற்பார்கள். சாட்சி என்றால் சட்டப்படியான சாட்சி.

1792 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சட்டத்திலிருந்து பிரான்சில் கல்யாணம் என்பது அரசுப் பதிவுதான். தேவாலயத்தில் நடப்பது அதற்குப் பிறகு. மெரி எனப்படும் நகரமன்றத்தில் திருமணம் முடிந்ததற்கான சான்றைப் பார்க்காமல் மதச் சடங்கை வழக்கமாகவே நடத்தி வைக்கும் குருவுக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் மெரி சடங்கு முந்தின நாளோ, அதே நாள் காலையோ, சில வாரங்களுக்கு முன்போ நடந்திருக்கும்.

மெரியில் மொத்தம் 2 முதல் 4 சாட்சிகள் வேண்டும், எல்லோருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எந்த நாட்டுக் குடியுரிமை என்பது பிரச்சினையில்லை. தேவாலயத்தில் இரண்டு சாட்சிகள் போதும், அவர்கள் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நான் நெற்றியில் பொட்டோடுதான் போய் நின்றேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால், பிரெஞ்சுப் பதிவேட்டில் அதுதான் குடும்பப் பெயராகப் பெரிய எழுத்தில் வரும். மெரியில் சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது உங்கள் அப்பா பெயர்தான் காதில் விழும், உடனே எழுந்து நில்லுங்கள். புதுச்சேரிக்காரர்களில் சிலருக்கு இந்தச் சங்கடம் இருக்காது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்த குடும்பங்கள் அப்போதே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பாஸ்போர்ட் நகலை மணப்பெண்ணிடம் முன்பே கொடுத்துவிட்டு, ஒத்திகை அன்று தேவாலயப் பதிவேட்டில் தங்கள் பெயரை எப்படி எழுதப் போகிறார்கள் என்று பாதிரியாரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எழுதியதைத் திருத்துவதைவிட இது எளிது.

படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்

கல்யாணத்தன்று போடப்போகும் அதே செருப்பு. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பழைய தேவாலயங்களின் தரை கல் பாவியது, நூற்றாண்டுகளாக நடந்து நடந்து சில இடங்களில் குழிந்து கிடக்கும். வாசலில் சரளைக்கல். ஊசிக் குதிகால் வேண்டவே வேண்டாம், அகலக் குதிகால்தான் என் தேர்வு. ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஜூலை வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும். கறுப்பு மைப் பேனா, ஊக்குகள், பென்சில், ஒரு பழைய பருத்திச் சேலை. சேலை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 3: ஊர்வலம்

மாப்பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்து வருவார், மணப்பெண் அப்பாவோடு கடைசியில் வருவாள். நடுவில் நம் இடம் எது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பீடத்தைப் பார்த்து நின்றால் மணப்பெண் வீட்டார் இடப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் வலப்பக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆர்கன் தாளத்துக்கு அடி வைக்கப் பார்க்காதீர்கள். கல் மண்டபத்தில் தாளம் கரைந்து கேட்கும். முன்னால் போகிறவர் நான்காவது வரிசையைத் தாண்டியதும் நீங்கள் புறப்படுவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பூங்கொத்தும் உடையின் வாலும்

ஒத்திகையில் தோழி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டத்திலும் மணப்பெண்ணின் கையில் என்ன இருக்கும்? சம்மதம் சொல்லும்போது இருவரும் கை பிடிக்க வேண்டும், பிறகு மோதிரம் இடது கை மோதிர விரலில் ஏற வேண்டும். அதற்கு அவளுடைய இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பூங்கொத்தை யார் வாங்குவது, எப்போது வாங்குவது, எங்கே வைப்பது, வெளியே போகும்போது யார் எடுத்துத் தருவது? இந்த நான்கையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தச் சேலை. கல்யாண உடையை மாப்பிள்ளை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் ஒத்திகைக்கு மணப்பெண் சாதாரண உடையில்தான் வருவாள். ஆனால் மறுநாள் அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கும் மேல் துணி இழுபடப் போகிறது. அவள் இடுப்பில் பழைய சேலையை ஊக்கால் குத்தி, அதே நீளத்துக்குப் பின்னால் விட்டு நடக்கச் சொல்லுங்கள். நேராக நடக்கும்போது ஒன்றும் ஆகாது. பீடத்தின் முன் திரும்பி உட்காரும்போதுதான் துணி நாற்காலிக் காலுக்கு அடியில் போகும், எழுந்திருக்கும்போது இழுக்கும். அவள் திரும்பியதும் பின்னாலிருந்து குனிந்து, துணியை நடுவில் பிடித்து, சேலைக் கொசுவம் எடுப்பதைப் போல ஒரு மடிப்பு எடுத்து, நாற்காலியின் வெளிப்பக்கம் விழ விடுங்கள். பிறகுதான் அவள் உட்கார வேண்டும். மூன்று நான்கு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும். மணப்பெண்ணுக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

படி 5: வாசகம் படிப்பது

தோழியிடம் ஒரு வாசகத்தையோ மன்றாட்டையோ படிக்கக் கொடுப்பது வழக்கம். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்றால் எதைப் படிக்கலாம் என்பது பாதிரியாரின் முடிவு, முதலிலேயே கேட்டுவிடுங்கள். கல்யாணங்களில் அடிக்கடி வருவது புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம், அன்பைப் பற்றியது.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறவர்களும்கூட. காரணம் மொழியல்ல, கல். சுவர் கல், தரை கல், கூரை வளைவும் கல். நீங்கள் சொன்ன சொல் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். வேகமாகப் படித்தால் கடைசி வரிசைக்கு வெறும் முழக்கம்தான் கேட்கும். ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள், புரியாதபோது அவர் கையைத் தூக்கட்டும். எந்த இடத்தில் கை தூக்குகிறாரோ அங்கே தாளில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோட்டில் நின்று, எதிரொலி அடங்கிய பிறகு தொடருங்கள். நமக்கு ரொம்ப மெதுவாகத் தெரியும் வேகம்தான் கேட்பவர்களுக்குச் சரியான வேகம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அதை யார் போடுவார், யார் அணைப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகப் புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும் குறிப்புகளை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. முடிந்ததும் "பரோல் தியு சேஞ்ஞேர்" (ஆண்டவரின் வாக்கு) என்று சொல்லி, சபை பதில் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.

கைப்பேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள், திரை நடுவில் அணைந்துவிடும். பெரிய எழுத்தில் அச்செடுத்த தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்வதே நல்லது. பிரெஞ்சு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மொழியின் மூக்கொலிகளுக்கு நம் எழுத்து போதாது. மணப்பெண்ணையே படிக்கச் சொல்லிக் குரல் பதிவு வாங்கி, சமைக்கும்போதும் ரயிலிலும் கேட்டுக்கொண்டே இருங்கள். நாக்கு தானாகப் பழகும்.

படி 6: மற்றவை

காணிக்கைக் கூடையைத் தோழிகளும் பிள்ளைகளும் கொண்டுபோவது பழைய வழக்கம். எந்த வரிசையில் தொடங்கி எங்கே முடிப்பது என்று கேளுங்கள். நற்கருணை, அதாவது பாதிரியார் தரும் அப்பம், வாங்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் ஆசீர்வாதம் கிடைக்கும், இருக்கையிலேயே இருந்தாலும் தவறில்லை. கையெழுத்து பீடத்தருகிலா, உள்ளறையிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் அரிசி தூவலாமா என்பதையும் கேட்க வேண்டும், நிறைய ஊர்களில் தடை. பூவிதழ் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒத்திகை முடிந்ததும் நான் போன பர்கண்டி கிராமத்தில் கூஜேர் என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும், வெள்ளை ஒயினில் காசிஸ் (பிளாக்கரண்ட்) பழத்தின் இனிப்பு மதுவைச் சேர்த்த கீர் என்ற பானமும் கொடுத்தார்கள். அந்தப் பானம் புகழ்பெற்றது ஃபெலிக்ஸ் கீர் என்பவரால். அவர் கத்தோலிக்கப் பாதிரியார், 1945 முதல் 1968 வரை திஜோன் நகரத்தின் மேயரும்கூட. தேவாலயமும் மெரியும் இப்படித் தனித்தனியாக நடக்கும் நாட்டில் இரண்டு பொறுப்பையும் ஒரே மனிதர் வகித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பின்சேர்க்கை

மாப்பிள்ளை கிறிஸ்தவர் இல்லை, ஒத்திகை எப்படி இருக்கும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அப்படிப்பட்ட கல்யாணங்களில் பெரும்பாலும் நற்கருணையோடு நடக்கும் திருப்பலி வழிபாடு இருக்காது, வாசகமும் சம்மதமும் ஆசீர்வாதமும்தான். தியாக்கோன் ஒருவரே நடத்தி வைக்கலாம். நற்கருணைப் பகுதியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மேலே சொன்னபடியே செய்து பாருங்கள்.

சேலை கட்டிக்கொண்டு நிற்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். மணப்பெண்ணுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக. ஆனால் ஒத்திகைக்கும் சேலையிலேயே போங்கள். வாசக மேடைக்கு ஏற இரண்டு மூன்று படிகள் இருக்கும், ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் மணப்பெண்ணின் பூங்கொத்து என்றால் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கக் கை இருக்காது. பூங்கொத்தைப் பக்கத்துச் சாட்சியிடம் கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அதை அவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.