மூன்றாம் நாள் வைடலை நம்பாதீர்கள்

போன வாரம், சேலத்தில் எங்கள் லேபுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒரு வைடல் ரிப்போர்ட்டை நீட்டினாள். டைஃபாய்டு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட் அது. "சார், டைஃபாய்டு பாசிட்டிவ்." காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டேன். சீட்டில் அது எழுதப்படவே இல்லை. 20 வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நீட்டினேன். லேபுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் சில தவறுகளைச் சொல்கிறேன். டியூபில் பெயர் மாற்றி ஒட்டுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், அதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

ஒரே ஒரு வைடலை வைத்து டைஃபாய்டு என்பது

ஸ்லைடு வட்டத்தில் ஒரு சொட்டு சீரம் (ரத்தத்தின் தெளிநீர்), அதோடு டைஃபாய்டு கிருமியிலிருந்து செய்த நீல நிற ஓ ஆன்டிஜென். ஒரு நிமிஷம் ஆட்டினால் நீலம் ரவை ரவையாகத் திரளும். உடனே கை பாசிட்டிவ் எழுதப் போகும். ஆனால் அங்கே திரள்வது உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளால். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் நெருங்கும்போதுதான் அது தலைகாட்டும். மூன்றாம் நாளே திரண்டால் பழைய தொற்றோ, தடுப்பூசியோ, வேறு கிருமியோகூடக் காரணமாக இருக்கலாம். நம் பக்கம் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலருக்குக்கூட 1:80 காட்டும், அதாவது சீரத்தை 80 மடங்கு நீர்த்தாலும் திரளும். இந்த அளவைத்தான் டைட்டர் என்போம்.

20 வருஷத்துக்கு முன்னால் நான் ரிப்போர்ட் நீட்டிய அன்று, ஏற்காட்டிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் ஒரு அம்மா வந்திருந்தார். 1:160 என்று எழுதிக் கொடுத்தேன். 5 நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியும் அரிப்பும் இல்லாததால் அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது, அந்த ஊசிக்கு அடங்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்து 2 நாளில் காய்ச்சல் விட்டது. அதற்குள் ஐ.சி.யூ. செலவுக்குத் தாலிக்கொடி அடகுக்குப் போயிருந்தது. என் கையெழுத்துப் போட்ட தாளிலிருந்து தொடங்கியது அது. இன்றும் ஆறவில்லை.

முதல் வாரத்தில் டைஃபாய்டு சந்தேகம் என்றால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே பிளட் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். வைடல்தான் வழி என்றால் 10, 14 நாள் கழித்து இன்னொரு சாம்பிள் எடுங்கள். டைட்டர் 4 மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஸ்க்ரப் ஐ.ஜி.எம். நெகட்டிவ், அதனால் நோய் இல்லை என்பது

ஸ்க்ரப் டைஃபஸுக்கான எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட் இது. முதல் சில நாளில் அதுவும் ஏமாற்றும். மலையிலிருந்து வந்தவரா என்று கேளுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குணமானதா என்று பார்க்க மறுபடி வைடல்

வேண்டாம். மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும்.

ரேபிட் டெஸ்ட் கார்டை டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பது

15 நிமிஷம் என்று போட்டிருந்தால் 15 நிமிஷம்தான். அதற்கப்புறம் தெரியும் கோட்டை எழுதாதீர்கள்.